கொல்லையில் கிடைத்த பழைய வடிகால் குழாயை உடைக்கலாமா?

கேள்வி: பள்ளத்தூரில் எங்கள் பாட்டையா கட்டிய வீட்டில் எங்களுக்கும் பெரியப்பச்சி (பெரியப்பா) மக்களுக்கும் பங்கு உண்டு. ஆண்டு முழுவதும் அங்கே குடியிருப்பது நானும் என் கணவரும் மட்டுமே. வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டுக்குப் பின்னால் புதிய கழிப்பறை ஒன்று கட்டி, அதிலிருந்து செப்டிக் டேங்க் வரை பள்ளம் தோண்டியபோது, மூன்றடி ஆழத்தில் பளபளப்பான பழுப்பு நிற மண் குழாய் ஒன்று குறுக்கே வந்தது. கடப்பாரை பட்டு அதன் மேற்பகுதியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்துவிட்டது. உள்ளே தண்ணீர் ஓடவில்லை. அடியில் ஓர் அங்குலத்துக்கு ஈரமான செம்மண் வண்டலும், மட்கிய இலைத் துணுக்குகளும், மெல்லிய வேர்களும் தெரிகின்றன, நாற்றம் இல்லை. முற்றத்துக்கு மேலே சில ஆண்டுகளுக்கு முன் பாலிகார்பனேட் தகடு போட்டு மூடிவிட்டோம். ஆகவே இது செத்த குழாய், உடைத்து எடுத்துவிடலாம் என்கிறார் கொத்தனார். மலேசியாவில் இருக்கும் பெரியப்பச்சி மகன் தொட வேண்டாம் என்கிறார். புதிய கழிப்பறைத் தண்ணீரையே இதில் விட்டுவிடலாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஐப்பசி மழைக்கு முன் வேலையை முடிக்க வேண்டும். என்ன செய்வது? படம் இணைத்துள்ளேன்.

பதில்:

அன்புள்ள அம்மையாருக்கு,

உடனடியாகச் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். குழாயை உடைக்க வேண்டாம், மண் தள்ளி மூடவும் வேண்டாம், புதிய கழிப்பறையை அதில் இணைக்கவும் வேண்டாம். ஓட்டையின் மேல் ஒரு பலகையையோ கடப்பைக் கல் துண்டையோ வைத்து, மண்ணும் கல்லும் உள்ளே விழாமல் காத்துக்கொள்ளுங்கள். பள்ளம் தோண்டியதில் குழாயின் அடிமண்ணும் எடுக்கப்பட்டிருந்தால், மணல் நிரப்பிய சாக்குகளை அடியில் நெருக்கமாகத் திணித்து அதைத் தாங்கச் செய்யுங்கள். இரண்டடித் துண்டுகளைச் சிமென்ட் கலவையால் பூட்டி அமைக்கும் இவ்வகைக் குழாய் சிறிதும் வளைந்து கொடுக்காது. அடிமண் விலகினால் தன் எடையாலேயே இணைப்பில் விரிந்துவிடும்.

காய்ந்து கிடப்பதால் செத்த குழாய் என்று கொத்தனார் சொல்வதை நான் ஏற்கவில்லை. நாள்தோறும் எல்லாக் குழாயிலும் தண்ணீர் போகும் வீடாக இருந்தால் அவர் சொல்வதில் ஓரளவு நியாயம் இருக்கும். செட்டிநாட்டுப் பெரிய வீடு அப்படிப்பட்டதன்று. அங்கே மழைத்தண்ணீர் போகும் வடிகால் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் உழைத்துவிட்டு மற்ற மாதங்களில் வெறுமனே கிடக்கும். பங்காளிகள் வந்து தங்கும் பகுதியின் பாத்திரம் கழுவும் அங்கணமும் குளியலறையும் முன்னோரை வணங்கும் படைப்புக்கும், பிள்ளையார் நோன்புக்கும், வீட்டில் ஒரு கல்யாணம் வந்தாலும் மட்டுமே நனையும். நீங்கள் பார்த்தது மழை இல்லாத ஒரு நாளில், இருவர் மட்டுமே குடியிருக்கும் வீட்டில். அந்த நாளில் அந்தக் குழாய் காய்ந்திருந்தது என்பதற்கு மேல் அந்தக் காட்சி எதையும் சொல்லாது.

குழாய் பயன்பாட்டில் இருக்கிறதா என்று தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் ஆய்வில் ஆம், இல்லை என்ற இரண்டு விடைகளும் ஒரே எடை உடையவை அல்ல என்பதை மனத்தில் கொள்ளுங்கள். வீட்டின் எந்த மூலையில் ஊற்றிய தண்ணீராவது அந்த ஓட்டைக்கு வந்து சேர்ந்தால், குழாய் பயன்பாட்டில் இருப்பது அந்த ஒரு வாளியிலேயே உறுதியாகிவிடும். வரவில்லை என்றால், பயன்பாட்டில் இல்லை என்று அதே வேகத்தில் சொல்ல முடியாது. தண்ணீர் வரக்கூடிய எல்லா வாய்களையும் ஒவ்வொன்றாக ஒதுக்கி, ஒரு நல்ல மழையையும் பார்த்த பிறகே அப்படிச் சொல்லலாம். அதுவரை அதைப் பயன்பாட்டில் உள்ள குழாயாகவே நடத்துங்கள்.

உங்கள் படத்திலிருந்தே சில செய்திகள் கிடைக்கின்றன. மண் குழாயின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முனை அகன்றும் மறுமுனை ஒரே அளவாகவும் இருக்கும். அகன்ற வாய் தண்ணீர் வரும் திசையைப் பார்த்திருக்கும்படி பதிப்பதே வழக்கம். அப்போதுதான் ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டின் வாய்க்குள் தண்ணீர் தடையின்றி இறங்கும். உங்கள் குழாயின் அகன்ற வாய் வீட்டுப் பக்கம் பார்த்திருக்கிறது. ஆகவே தண்ணீர் முற்றத்தைச் சுற்றிய வளவுப் பக்கமிருந்து கொல்லையை நோக்கிப் போவதற்காக இது போடப்பட்டது என்று பெரும்பாலும் நம்பலாம். தலைகீழாகப் பதித்துவிட்ட வேலைகளும் உண்டு என்பதால், கொத்தனாரிடம் இருக்கும் டியூப் லெவலை, அதாவது தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாயை வைத்து, குழாயின் மேல்முதுகு எந்தப் பக்கம் தாழ்கிறது என்று பள்ளத்தின் இரு ஓரங்களிலும் பார்த்துவிடுங்கள். ஆறு அங்குலக் குழாய்க்கு அறுபதடிக்கு ஓரடி, நான்கு அங்குலக் குழாய்க்கு நாற்பதடிக்கு ஓரடி என்பது வடிகால் வேலையில் நெடுநாளாகக் கையாளப்படும் வாட்டம் (சரிவு). நீங்கள் பார்ப்பது சில அடி நீளம் மட்டுமே என்பதால் வேறுபாடு மிகச் சிறியதாக இருக்கும். அவசரப்படாமல் இரண்டு மூன்று முறை அளக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது குழாயின் பருமன். படத்தில் அதன் மேல் வைத்திருக்கும் அளவுநாடா வெளிப்புறத்தில் ஏழு அங்குலத்துக்குச் சற்று மேலே காட்டுகிறது. அப்படியானால் உள்விட்டம் ஆறு அங்குலம். ஓர் அடுப்படிக்கும் ஒரு குளியலறைக்கும் நான்கு அங்குலமே தாராளம். ஆறு அங்குலத்தை ஏன் தேர்ந்தார்கள் என்று கணக்கிட்டுப் பார்த்தால், முற்றத்தின் மேல்தான் கண் போகிறது. நாற்புறமும் உள்ள ஓட்டுச் சரிவுகளும் முற்றமும் சேர்ந்து 300 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டும் மழையில் அந்தப் பரப்பில் விழும் தண்ணீர் மணிக்கு 30,000 லிட்டர், அதாவது நொடிக்கு எட்டு லிட்டருக்கு மேல். நாற்பதுக்கு ஒன்று என்ற வாட்டத்தில் கிடக்கும் நான்கு அங்குலக் குழாய் முழுக்க நிரம்பி ஓடினாலும் ஏறத்தாழ அவ்வளவுதான் இழுக்கும். இலையும் மண்ணும் சேர்ந்தால் முற்றத்தில் தண்ணீர் ஏறிவிடும். ஆறு அங்குலக் குழாய் குறைந்த வாட்டத்திலேயே அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இழுக்கும். கணக்குத் தெரிந்த ஒருவர் முற்றத்து மழையை மனத்தில் வைத்தே இதைப் போட்டிருக்கிறார் என்று நான் கருதுகிறேன். ஒன்றுக்கு மேற்பட்ட பங்குகளின் கழிவுநீர் ஒன்றாகச் சேரும் பொதுக் குழாயாகவும் இருக்கக்கூடும் என்பதால், இதை முடிந்த முடிவாகச் சொல்லவில்லை.

உள்ளே கிடக்கும் வண்டலும் அதே பக்கம்தான் சாய்கிறது. அடுப்படித் தண்ணீர் போகும் குழாயின் சுவரில் எண்ணெய்ப் பசையும் சாம்பல் நிற வழுக்கலும் படிந்திருக்கும், விரலால் தொட்டாலே தெரியும். கழிப்பறை நீர் போகும் குழாய் பொதுவாகக் கிளறியவுடன் நாறும். உங்கள் குழாயில் செம்மண்ணும் இலைத்துணுக்கும் மட்டுமே இருப்பதும், நாற்றம் இல்லாததும் மழைத்தண்ணீரையே காட்டுகின்றன. அந்த வண்டலைக் கழுவிவிடாமல் ஒரு கரண்டியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். மெல்லிய மணல் அடுக்கும் களி அடுக்கும் மாறி மாறி இருந்தால், பல மழைகள் அதன் வழியாகப் போயிருக்கின்றன என்று பொருள். மேல் அடுக்கில் கிடக்கும் இலை முழுதும் மட்காமல் நரம்போடு இருந்தால், கடைசியாகத் தண்ணீர் போய் அதிகக் காலம் ஆகவில்லை. சிலந்தி வலை குழாயின் குறுக்கே அடிவரை கட்டியிருந்தால் மட்டும், அந்த வலை கட்டிய நாளிலிருந்து தண்ணீர் போகவில்லை என்று கொள்ளலாம். ஈரத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சும் தண்ணீர் பழைய இணைப்புகளின் வழியே உள்ளே கசிவது வழக்கம். வேர்களும் அந்தக் கசிவைத் தேடித்தான் வருகின்றன.

முற்றத்தைத் தகடு போட்டு மூடிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு வரிதான் எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது. முற்றத்துக்குள் விழாமல் தடுக்கப்பட்ட மழை இல்லாமல் போய்விடுவதில்லை. பாலிகார்பனேட் தகட்டின் மேல் விழுவதும், நான்கு பக்கத்து ஓடுகளிலிருந்து வடிவதும் ஏதோ ஒரு தகர ஓடையில் சேர்ந்து, ஏதோ ஓர் இறங்குகுழாய் வழியாக எங்கோ கீழே போய்க்கொண்டுதான் இருக்கிறது. தகடு போட வந்தவர்கள் புதிதாக வடிகால் எதுவும் தோண்டியிருக்க மாட்டார்கள். கையருகே இருந்த பழைய தூம்புக்குள்ளேயே (முற்றத்துத் தண்ணீர் வடியும் துளைக்குள்ளேயே) இறங்குகுழாயின் வாயைச் செருகிவிட்டுப் போயிருக்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே முதல் வேலையாக, ஏணி வைத்து அந்தத் தகர ஓடையைப் பார்த்து, இறங்குகுழாய் தரையில் எங்கே முடிகிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். முற்றத்தின் கல்தளத்தில், வழக்கமாக ஒரு மூலையில், துளையிட்ட கல் மூடியோடு இருக்கும் பழைய தூம்பு இன்னும் திறந்திருக்கிறதா, புதிய டைல்ஸுக்கு அடியில் மூடப்பட்டுவிட்டதா என்பதையும் பாருங்கள்.

அதன்பின் வீட்டை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, கொல்லை என்று கட்டம் போட்டு, தண்ணீர் தரைக்குள் இறங்கும் ஒவ்வோர் இடத்தையும் குறியுங்கள். முற்றத்துத் தூம்பு, அங்கணம், துணி துவைக்கும் கல், கிணற்றடி, மாடியிலிருந்து இறங்கும் குழாய்கள், பழைய குளியலறை, பெரியப்பச்சி மக்களின் பங்கில் பூட்டிக் கிடக்கும் அடுப்படி, இவை எதையும் விடாதீர்கள். கொல்லையிலும் கட்டுகளுக்கு நடுவேயும் தரையோடு தரையாகப் பதிந்த சதுரக் கற்பலகை ஏதேனும் இருந்தால் அதன் அடியில் பழைய சேம்பர் (வடிகாலைத் திறந்து பார்க்கும் குழி) இருக்கக்கூடும். பின்சுவரை ஒட்டி மேலே உயர்ந்து போகும் வார்ப்பிரும்புக் குழாய் இருந்தால், அது காற்றுப்போக்கிக் குழாயாகவும், அதன் கீழே ஒரு காலத்தில் கழிப்பறை வடிகால் இருந்ததற்கான அடையாளமாகவும் இருக்கலாம். குறித்த இடங்களில் எவையெல்லாம் குழாய் கிடக்கும் மட்டத்துக்கு மேலே, அது வரும் திசையில் இருக்கின்றனவோ, அவை அனைத்தும் சோதிக்க வேண்டியவை. பூட்டிய பகுதியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்; சாவி இல்லாமல் அந்தப் பகுதியை விட்டுவிட்டுச் செய்த சோதனை பாதிச் சோதனைதான்.

சோதனைக்கு இரண்டு பேர் போதும். ஒருவர் டார்ச்சோடு ஓட்டை அருகே இருக்க, மற்றவர் ஒவ்வொரு வாயிலும் தண்ணீர் ஊற்றி, கைப்பேசியில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். ஒரு சொம்பு தண்ணீரால் எதுவும் தெரியாது. இருபது லிட்டர் வாளியில் மூன்று நான்கு வாளிகளை விடாமல் ஊற்றுங்கள். வாட்டம் சரியாக இருந்து அடைப்பும் இல்லாவிட்டால், ஐம்பதடித் தொலைவுக்குத் தண்ணீர் ஒன்றிரண்டு நிமிடங்களில் வந்துவிடும். வண்டல் கிடக்கும் குழாயில் கால்மணி நேரம் கூட ஆகலாம். நெடுநாள் காய்ந்து கிடந்த குழாயின் இணைப்புகள் முதலில் ஊற்றும் தண்ணீரைச் சுற்றியுள்ள மண்ணுக்குள் விட்டுவிடும் என்பதை மறக்காதீர்கள். முதல் முறை எதுவும் வராவிட்டால், அரைமணி நேரம் கழித்து அதே வாயில் மீண்டும் அதே அளவு ஊற்றிப் பார்த்த பிறகே அடுத்த வாய்க்குப் போங்கள்.

வருவது எந்த வாயின் தண்ணீர் என்று குழப்பம் வராமலிருக்க, சாயம் கலந்து ஊற்றலாம். கேசரிக்குப் போடும் உணவுச் சாயம் போதும். முற்றத்துக்கு ஒரு நிறம், அங்கணத்துக்கு ஒரு நிறம் என்று மாற்றி, இரண்டுக்கும் நடுவே நிறமற்ற தண்ணீரை நிறைய விட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். வீட்டில் கிணற்றுக்குப் போட வைத்திருக்கும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைப் பயன்படுத்தச் சிலர் சொல்லக்கூடும். மட்கிய இலையும் கழிவும் பட்டால் அதன் ஊதா நிறம் போய்ப் பழுப்பாகிவிடும், சேற்றுத் தண்ணீரிலிருந்து அதைப் பிரித்தறிய இயலாது. சோதனைக்குப் பிறகு இரண்டு மூன்று நாட்கள் கிணற்றுத் தண்ணீரையும் ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்துப் பாருங்கள். அதில் நிறம் தென்பட்டால், குழாய் உடைந்து கிணற்றின் பக்கம் கசிகிறது என்று பொருள். அப்போது கிணற்றைக் காப்பதே முதல் வேலையாகிவிடும்.

வாளிச் சோதனையில் எதுவும் வரவில்லை என்றால் அடுத்த வேலை காத்திருப்பது. ஓட்டைக்கு நேர் கீழே, குழாயின் அடிவண்டலைத் துடைத்துவிட்டு, இரண்டு விரல் உயரத்துக்குக் களிமண்ணால் குறுக்கே ஒரு சின்ன வரப்பு வையுங்கள். அதன் மேல் சுண்ணாம்பைத் தடவிவிடுங்கள். ஓட்டையை மேலிருந்து மழை விழாதபடி தகரத்தால் மூடி, சுற்றிலும் மண் அணைத்துவிட்டு, சில நாட்களுக்கு ஒரு முறை திறந்து பாருங்கள். யாரும் பார்க்காத நேரத்தில் போன தண்ணீரைக் கூட அந்த வரப்பு காட்டிக்கொடுத்துவிடும். ஆவணியிலும் புரட்டாசியிலும் உங்கள் பக்கம் மாலை நேரத்தில் இடியோடு பெய்யும் மழை இதற்குப் பெரிய உதவி. அரைமணி நேரம் நன்றாகக் கொட்டிய ஒரு மழைக்குப் பிறகும் வரப்பும் சுண்ணாம்பும் கலையாமல் இருந்தால், அன்றுதான் முற்றத்து மழைக்கும் இந்தக் குழாய்க்கும் தொடர்பில்லை என்று சொல்ல முடியும். ஐப்பசிக்கு முன் முடிக்க வேண்டும் என்ற உங்கள் அவசரம் எனக்குப் புரிகிறது. இதற்கிடையே கழிப்பறைச் சுவர், பூச்சு, செப்டிக் டேங்க் ஆகிய வேலைகளைக் கொத்தனார் தடையின்றிச் செய்யலாம். குழாய் குறுக்கிடும் அந்த நான்கடி நீளத்தை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதோடு எங்கே போகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும். ஓட்டையிலேயே சில வாளிகள் ஊற்றுங்கள். தேங்கி ஓட்டை வரை ஏறினால் கீழ்ப்பக்கம் அடைத்திருக்கிறது. அடைபட்ட குழாயும் பயன்பாட்டில் உள்ள குழாயாக இருக்கலாம் என்பதால், அதை வைத்தும் செத்தது என்று சொல்லிவிடக் கூடாது. தண்ணீர் போய்க்கொண்டே இருந்தால், கொல்லை மூலையிலுள்ள பழைய உறிஞ்சு குழிக்கா, பின் தெருவின் கழிவுநீர்க் கால்வாய்க்கா, ஊருணிக்குப் போகும் வரத்துக்கா என்று சாயத்தை வைத்துத் தேடுங்கள். செட்டிநாட்டு ஊர்களை அமைத்தவர்கள், கூரையில் விழும் மழையை முற்றத்தில் சேர்த்து, வீட்டு வடிகால் வழியாகத் தெருவுக்கும், தெரு வடிகால் வழியாக ஊருணிக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாட்டைத் திட்டமிட்டே செய்தார்கள். வற்றாத ஆறோ பெரிய கால்வாயோ இல்லாத செம்மண் பூமியில் அவ்வளவு பேர் குடியிருக்க முடிந்ததற்கு அந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம். உங்கள் குழாய் அந்தத் தொடரின் ஒரு கண்ணியாக இருந்தால், அதில் கழிப்பறைத் தண்ணீரை விடுவது ஊர்ப் பொதுநீரில் மலத்தைக் கலப்பதாகும். இதை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன். உங்களுக்கு அந்த யோசனையைச் சொன்னவர்களிடமும் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் தெளிவு கிடைக்காவிட்டால், குழாய்க்குள் செலுத்தும் கேமரா வைத்திருப்பவர்களை மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வரவழைக்கலாம். ஓட்டை ஏற்கெனவே இருப்பதால் இரு திசையிலும் செலுத்திப் பார்ப்பது எளிது. எந்தத் தொலைவில் எந்தக் கிளை சேர்கிறது, எங்கே உடைந்திருக்கிறது என்பதைக் கேபிள் நீளத்தோடு குறித்துத் தரச் சொல்லுங்கள். படம் மட்டும் வாங்கினால் பின்னால் பயன்படாது.

இந்த வேலைகளில் எந்தக் கட்டத்திலும் யாரையும் பழைய சேம்பருக்குள்ளோ செப்டிக் டேங்கிலோ இறங்க விடாதீர்கள். நெடுநாள் மூடிக் கிடந்த குழியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு தங்கியிருக்கக்கூடும். அது காற்றைவிடக் கனமானது. சிறிதளவில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு கூடினால் மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும், அதன்பின் இரண்டொரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்ற இறங்கும் அடுத்தவரும் அதிலேயே விழுந்துவிடுகிறார். பாதுகாப்பு ஏற்பாடுகள் இன்றி ஒருவரை அப்படி இறக்கி வேலை வாங்குவது, கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் 2013 ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமுமாகும். கற்பூரம் கொளுத்தியோ தீக்குச்சி உரசியோ உள்ளே பார்க்கவும் வேண்டாம்; மீத்தேன் தேங்கியிருந்தால் பற்றிக்கொள்ளும்.

பெரியப்பச்சி மகன் தொட வேண்டாம் என்று சொல்வதை வெறும் தடையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிறுவயதில் அந்தக் கொல்லையில் எங்கே தண்ணீர் வெளியேறும் என்று அவர் பார்த்திருக்கலாம். ஏன் அப்படிச் சொல்கிறார் என்று விவரமாகக் கேளுங்கள். வீட்டில் வேலை பார்த்த முதியவர்கள் ஊரில் இருந்தால் அவர்களையும் கேளுங்கள். சொத்து இன்னும் பொதுவில் இருந்தால், பொதுக் குழாயை ஒரு பங்குதாரர் மட்டும் முடிவெடுத்து அடைப்பது பின்னால் மனவருத்தத்துக்கு இடம் கொடுக்கும். ஓட்டையின் படத்தையும் சோதனைகளின் விவரத்தையும் எல்லாப் பங்காளிகளுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர்களுடைய பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சோதனையில் அது பக்கத்து வீட்டுத் தண்ணீர் என்று தெரியவந்தால் நிலைமை வேறு. 1882 ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 15 ஆம் பிரிவுப்படி, பிறர் நிலத்தின் வழியாக இருபது ஆண்டுகள் வெளிப்படையாகவும் இடையறாமலும் உரிமையோடு அனுபவித்த வசதி நிலையான உரிமையாகிவிடலாம். 47 ஆம் பிரிவுப்படி, இருபது ஆண்டுகள் இடையறாமல் அனுபவிக்காமல் விட்டால் அது அற்றுப்போகவும் செய்யலாம். அப்படி ஒரு நிலை வந்தால் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளாமல் குழாயில் கை வைக்காதீர்கள்.

குழாய் பயன்பாட்டில் இருப்பது உறுதியானால், ஓட்டையை மேலே சிமென்ட் அப்பி மூடுவதை நான் விரும்பவில்லை. உடைந்த துண்டை மட்டும் எடுத்துவிட்டு, அதே இடத்தில் செங்கல்லால் ஒரு சேம்பர் கட்டி, இரு பக்கத்துக் குழாய் முனைகளையும் அதன் சுவர்களில் பூட்டி, அடியில் அரைவட்ட வாய்க்கால் அமைத்து, மேலே எடுக்கக்கூடிய மூடி போடுவதே நல்லது. இலை அடைத்தால் கோல் விட்டுக் குத்தவும் அது பயன்படும். அப்போது உங்கள் கழிப்பறைக் குழாய் அந்தச் சேம்பருக்குள் நுழையாமல், சில அடி தள்ளி, பழைய குழாயைக் குறைந்தது ஆறு அங்குல இடைவெளியில் கடந்து போக வேண்டும். கடக்கும் இடத்தில் புதிய குழாயில் இணைப்பு வராதபடி முழு நீளத் துண்டாகப் போடச் சொல்லுங்கள்.

குழாய் உண்மையிலேயே கைவிடப்பட்டது என்று தெரிந்தாலும், வெற்றுக் குழாயாகப் புதைத்துவிட வேண்டாம். எலியும் பாம்பும் குடிபுகும் என்பது ஒருபுறமிருக்க, அது மூன்றாம் கட்டின் சுவருக்கு அடியில் போகிறது. எங்கிருந்தாவது புகுந்த மழைத்தண்ணீர் உடைந்த இணைப்புகளின் வழியே அடித்தளத்து மண்ணைச் சிறுகச் சிறுக அரித்துக் கொண்டுபோகும், காரணம் தெரியாமல் சுவரில் விரிசல் விடும். அதைவிடப் பெரிய ஆபத்து, புதிய செப்டிக் டேங்கின் உறிஞ்சு குழியிலிருந்து கசியும் அழுக்குநீருக்கு இந்தப் பழைய குழாய் கிணற்றுப் பக்கம் போக ஓர் எளிய வழியாகிவிடுவது. உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டராவது இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. இடையில் ஒரு வெற்றுக் குழாய் கிடந்தால் அந்தத் தொலைவு காக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே மேல் முனையில் உள்ள வாய்களை முதலில் நிரந்தரமாக மூடி, கீழ்முனையைச் செங்கல்லும் கலவையும் வைத்து அடைத்து, மணலும் சிமென்ட்டும் கலந்த நீர்த்த கலவையை மேலிருந்து ஊற்றி முழுவதும் நிரப்பிவிடுங்கள்.

இரண்டில் எது நடந்தாலும், பள்ளத்தை மூடுவதற்கு முன், மூன்றாம் கட்டின் இரு மூலைகளிலிருந்து குழாய் வரை உள்ள தொலைவையும் ஆழத்தையும் அளந்து நீங்கள் வரைந்த தாளிலேயே குறித்து, அளவுநாடா தெரியும்படி படமும் எடுத்துக்கொள்ளுங்கள். தகர ஓடையின் இறங்குகுழாய் எங்கே முடிகிறது என்பதைப் பார்த்தவுடன் அந்தப் படத்தையும் எனக்கு அனுப்புங்கள். அது தூம்புக்குள் போவது தெரிந்தால், வாளிச் சோதனையை முற்றத்திலிருந்தே தொடங்கிவிடலாம்.